தோணிக் கல் எவ்வளவு கனம்?

மட்டக்களப்பு வாவியில் தோணியை ஓரிடத்தில் நிறுத்திவைக்கக் கயிற்றில் கட்டி இறக்கும் கருங்கல்லைத் திரும்பத் தூக்கியவர்களுக்கு இது தெரியும். கயிற்றை இழுக்கும்போது கல் சொன்னபடி கேட்டு மேலே வரும். நீரைவிட்டு வெளியே தலைகாட்டும் கணத்தில் தோள் ஒருமுறை இறங்கும். தோணியின் ஓரம் அந்தப் பக்கம் சரியும். "என்ன மனே, கல்லு இப்பதான் கனக்குதோ?" என்று பின்னால் இருக்கும் பெரியவர் சிரிப்பார்.

கல் அதே கல்தான். அப்படியானால் தண்ணீருக்குள் இருந்தபோது அந்தக் கனத்தில் ஒரு பங்கு எங்கே போயிருந்தது? நீருக்குள் இருப்பதைப் பூமி குறைவாக இழுக்கிறது என்று நினைப்பவர்கள் பலர். பூமி அப்படி ஒரு சலுகையும் தருவதில்லை. இந்த அத்தியாயம் முழுவதும் சரியாகப் 10 கிலோகிராம் கொண்ட ஒரு கருங்கல்லை எடுத்துக்கொண்டு போகப் போகிறோம். முதலில் ஒரு வாளித் தண்ணீருக்குள்.

வாளிக்குள் கல்

ஒரு பெரிய வாளியில் முக்கால்வாசி நீர் நிரப்பி, அதை ஒரு மேடைத் தராசின் மேல் வையுங்கள். கல்லை ஒரு விற்றராசின் கொக்கியில் தொங்கவிடுங்கள். மேலே விற்றராசு 10 கிலோ காட்டும். கீழே தராசு வாளியும் நீரும் சேர்ந்த அளவைக் காட்டும். அது 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது கல்லை மெதுவாக நீருக்குள் இறக்குங்கள். வாளியின் அடியில் முட்ட விடக்கூடாது. கல் முழுதாக மூழ்கியதும் மேலே உள்ள முள் 6.3இல் நிற்கும். 3.7 கிலோ காணாமற் போய்விட்டது. கீழே குனிந்து மேடைத் தராசைப் பாருங்கள். அது 18.7 காட்டும். காணாமற் போன 3.7 அங்கே இருக்கிறது.

கல் வாளியைத் தொடவில்லை. ஆனாலும் தன் கனத்தில் ஒரு பங்கை அது நீரின் மீது ஏற்றிவிட்டது. நீர் அதை வாளியின் அடித்தட்டுக்குக் கொடுத்தது. வாளி தராசுக்குக் கொடுத்தது. மேலும் கீழும் கூட்டிப் பார்த்தால் ஒரு கிராமும் தொலையவில்லை. வாவியிலும் இதேதான். கயிற்றைப் பிடித்திருப்பவர் 6.3 கிலோவைத் தாங்குகிறார். மிச்சத்தை நீரின் வழியாக வாவியின் தரை தாங்குகிறது.

ஏன் சரியாக 3.7? நம் பகுதிக் கருங்கல் அதே பருமனுள்ள நீரைப்போல் ஏறத்தாழ 2.7 மடங்கு கனமானது. ஆகவே 10 கிலோக் கல் 3.7 லீற்றர் இடத்தை அடைக்கும். அந்த இடத்தில் முன்பு 3.7 லீற்றர் நீர் இருந்தது. அதைச் சுற்றியிருந்த நீர் அதைத் தாங்கிப் பிடித்திருந்தது. சுற்றியுள்ள நீருக்கு உள்ளே இருப்பது நீரா, கல்லா என்று தெரியாது. நீருக்குக் கொடுத்த அதே தாங்குதலைக் கல்லுக்கும் கொடுக்கிறது. சிராக்கூசில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கண்டார். குளியல் தொட்டியிலிருந்து எழுந்து அவர் ஓடிய கதை பெரும்பாலும் கதைதான். கணக்கு உண்மை.

வாவியின் நீர் ஆண்டு முழுவதும் ஒரே நீராக இருப்பதில்லை. மாரியில் வெள்ளம் வந்து நன்னீர் நிறையும். கோடையில் முகத்துவாரத்துப் பக்கம் கடலின் உப்பு ஏறும். கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரை பங்கு கனமானது. அதனால் உப்பு நீரில் நம் கல் 3.8 கிலோவை நீரிடம் விட்டுவிடும், கயிற்றில் 6.2தான் தெரியும். தோணியும் உப்பு நீரில் கொஞ்சம் உயர்ந்து மிதக்கும்.

இங்கே ஒரு விடுகதை. கல் தோணிக்குள் இருக்கிறது. அதைத் தூக்கி வாவிக்குள் போட்டால் வாவியின் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா? இறங்கும். தோணிக்குள் இருக்கும்போது கல்லின் 10 கிலோவையும் மிதக்க வைக்க 10 லீற்றர் நீர் ஒதுங்க வேண்டும். அடியில் கிடக்கும்போது 3.7 லீற்றர் ஒதுங்கினால் போதும். வாவியின் பரப்பு ஏறத்தாழ 141 சதுர கிலோமீற்றர். அதில் 6.3 லீற்றரைப் பரப்பிப் பார்த்தால், மட்டம் இறங்கும் அளவு ஓர் அணுவின் அகலத்துக்கும் குறைவு. யாரும் வழக்குப் போட முடியாது.

மூன்று சொற்கள்

இதுவரை கனம் என்ற ஒரே சொல்லை வைத்துச் சமாளித்தோம். இனி மூன்று வேண்டும்.

முதலாவது திணிவு. கல்லை ஒரு மரக்கிளையில் நீளமான கயிற்றில் தொங்கவிடுங்கள். இப்போது கிளை அதைத் தாங்குகிறது. உங்கள் கையில் கனமே இல்லை. ஆனாலும் அதைப் பக்கவாட்டில் சட்டென்று தள்ளிப் பாருங்கள், முரண்டு பிடிக்கும். ஆடத் தொடங்கியதை நிறுத்தப் போனாலும் முரண்டு பிடிக்கும். அந்த முரண்டின் அளவுதான் திணிவு. கிலோகிராமில் அளப்பது அதைத்தான். வாவிக்குள் போட்டாலும் சந்திரனில் வைத்தாலும் நம் கல்லின் திணிவு 10 கிலோகிராம்தான்.

இரண்டாவது நிறை. பூமி கல்லை இழுக்கும் இழுப்பு அது. நியூட்டன் என்ற அலகில் அளப்பார்கள். மட்டக்களப்பில் நம் கல்லுக்கு ஏறத்தாழ 98 நியூட்டன். தமிழ்நாட்டு வாசகர்கள் திணிவை நிறை என்றும் நிறையை எடை என்றும் படித்திருப்பார்கள். இந்த நூல் இலங்கைப் பாடநூல் வழக்கில் போகிறது.

மூன்றாவதைப் பாடநூல்கள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. எனக்கோ அதுதான் முக்கியமாகப் படுகிறது. அதைப் பாரம் என்று சொல்லிக்கொள்வோம். கை உணர்வது, தராசு காட்டுவது, தோள் அனுபவிப்பது எல்லாம் பாரம். பூமியின் இழுப்பை நாம் ஒருபோதும் நேராக உணர்வதில்லை. விழவேண்டியதை விழவிடாமல் தடுக்கும்போது, தடுப்பவருக்குத் தெரிவதுதான் பாரம். கையும் நீரும் சேர்ந்து தடுத்தால் பாரம் இரண்டாகப் பிரியும். தோணிக் கல்லின் மர்மம் அவ்வளவுதான்: நிறை மாறவில்லை, தடுப்பவர்கள் இருவரானார்கள்.

யாருமே தடுக்காவிட்டால்?

பாலத்திலிருந்து இரண்டு கற்கள்

1924இல் கட்டிய கல்லடிப் பழைய பாலத்தில், நீர் 5 மீற்றர் கீழே இருக்கும் ஓரிடத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கையில் நம் கல், மறு கையில் புளியங்கொட்டை அளவு கூழாங்கல். இரண்டையும் ஒரே நேரத்தில் விடுங்கள். ஒரு விநாடியில் இரண்டும் ஒன்றாக நீரைத் தொடும்.

பெரிய கல்லைப் பூமி ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமாக இழுக்கிறது. அப்படியிருந்தும் அது முந்துவதில்லை. ஏனென்றால் அதன் முரண்டும் அதே மடங்கு அதிகம். இழுப்பு எவ்வளவு கூடுகிறதோ, அசைய மறுக்கும் குணமும் அவ்வளவு கூடுகிறது. இரண்டும் சரிக்குச் சரி அடிபட்டுப் போகின்றன. 1971 ஓகஸ்டில் அப்பலோ 15இல் சென்ற டேவிட் ஸ்கொட் சந்திரனில் நின்று ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறின் இறகையும் ஒன்றாக விட்டார். காற்றில்லாத அங்கே இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

விழுந்துகொண்டிருக்கும் அந்த ஒரு விநாடியில் கல்லின் நிறை அதே 98 நியூட்டன். பாரமோ பூச்சியம். தடுக்க ஆளில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் 400 கிலோமீற்றர் உயரத்தில் தேவைப்படும்.

ஒஸ்லோவுக்குப் போன கல்

நம் கல்லை இனி நோர்வேக்கு அனுப்புவோம். மட்டக்களப்பு ஆட்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். விமான நிலையத்தில் வந்து எடுத்துக்கொள்ள யாராவது கிடைப்பார்கள். கூடவே இரண்டு தராசுகளையும் அனுப்புகிறோம். ஒன்று தட்டுத் தராசு, படிக்கற்களோடு. மற்றது மட்டக்களப்பிலேயே சரிபார்த்துப் பூட்டிய இலத்திரனியல் தராசு.

ஒஸ்லோவில் தட்டுத் தராசு 10 கிலோ என்றே சொல்லும். இலத்திரனியல் தராசு 10 கிலோ 39 கிராம் என்று சொல்லும்.

எது பொய் சொல்கிறது? இரண்டுமே இல்லை. தட்டுத் தராசு கல்லைப் படிக்கல்லோடு ஒப்பிடுகிறது. பூமியின் இழுப்பு மாறினால் இரண்டு தட்டுக்கும் ஒரே அளவில் மாறும். தராசுக்கு அது தெரியவே தெரியாது. அது சந்திரனிலும் 10 கிலோ என்றே சொல்லும். இலத்திரனியல் தராசுக்குள் ஓர் உலோகத் துண்டு இருக்கிறது. கனம் ஏறினால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அந்த வளைவைத்தான் தராசு எண்ணாக மாற்றுகிறது. அது அளப்பது பாரம். அந்தப் பாரம் ஒஸ்லோவில் உண்மையாகவே கூடுதல்.

இலண்டனில் இந்தக் கூடுதல் ஏறத்தாழ 32 கிராம். ரொறன்ரோவில் 25 கிராமுக்குக் கிட்ட. சந்திரனில் நம் கல் வெறும் 1.66 கிலோ காட்டும். இலண்டனிலிருந்து ஊருக்கு வரும்போது 30 கிலோப் பெட்டி கிட்டத்தட்ட 100 கிராம் இளைக்கிறது என்பது கணக்குப்படி உண்மை. ஆனால் விமான நிலையத் தராசை அந்தந்த ஊரிலேயே சரிபார்த்து வைத்திருப்பார்கள். கட்டுநாயக்காவில் இந்தக் கணக்கைச் சொல்லிப் பயனில்லை.

நகைக்கடையில் இது சிரிப்பு விஷயமல்ல. ஜேர்மனியில் சரிசெய்த தராசை அப்படியே கொண்டுவந்து இங்கே வைத்தால் 100 கிராம் தங்கம் 99.7 கிராமாகத் தெரியும். கடைக்காரர் விற்கும்போது அவருக்கு நட்டம். நீங்கள் பழைய நகையைக் கொடுக்கும்போது உங்களுக்கு நட்டம். அதனால்தான் தராசை அது வேலை செய்யும் நாட்டிலேயே நியமப் படிக்கற்களை வைத்துச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. இலங்கையில் அந்த முத்திரை வேலையைச் செய்வது அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம்.

மணிக்கூடு காட்டிக்கொடுத்தது

வளையும் உலோகத் துண்டெல்லாம் வருவதற்கு முன்பே இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 1672இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்கக் கரையில் உள்ள கயேனுக்குப் போனார். அது மத்திய கோட்டுக்கு வடக்கே 5 பாகையில் இருக்கிறது. மட்டக்களப்பு ஏறத்தாழ 7.7 பாகையில். பாரிசில் சரியாக ஓடிய ஊசல் மணிக்கூடு அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலை ஆட்டுவது பூமியின் இழுப்பு. இழுப்பு தளர்ந்தால் ஊசல் சோம்பும். புளியந்தீவின் ஒல்லாந்தர் கோட்டைக்கு அதே மணிக்கூட்டைக் கொண்டுவந்திருந்தால் இங்கேயும் நாளுக்கு இரண்டு நிமிடம் பிந்தியிருக்கும்.

வெப்பத்தில் ஊசல் கம்பி நீண்டிருக்கும் என்று சிலர் தட்டிக்கழித்தார்கள். நியூட்டன் அப்படி விடவில்லை. 1687இல் வந்த தன் பெருநூலில் அந்த இரண்டரை நிமிடத்தைப் பூமியின் வடிவத்துக்கே சாட்சியாக எடுத்துக்கொண்டார். அதன்பிறகு ஊசலைத் தூக்கிக்கொண்டு அலைவது ஒரு தொழிலாகவே ஆயிற்று. 1821இல் மதராஸ் வானாய்வகத்தில் ஜோன் கோல்டிங்ஹாம் ஊசலை ஆடவிட்டு அளந்தார். 1865 முதல் இந்திய நில அளவைத் துறைக்காக ஊசலோடு அலைந்த ஜேம்ஸ் பசேவி, 1871இல் லடாக்கின் உயரத்தில் அதே வேலையில் இருந்தபோது இறந்தார். இழுப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைத் தேடி ஒரு மனிதர் உயிரை விட்டிருக்கிறார் என்பது நம் பாடநூல்களில் இல்லை.

சுழலும் ஊரில் இருப்பதன் விலை

ஏன் இங்கே குறைகிறது? காரணம் இரண்டு.

பூமி சுழல்கிறது. மட்டக்களப்பு மணிக்கு ஏறத்தாழ 1,660 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. துருவத்தில் நிற்பவர் இடத்திலேயே நின்று திரும்புகிறார், அவ்வளவுதான். வட்டத்தில் போகும் எதையும் உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நேரே போய்விடும். நம் கல்லை வட்டத்தில் வைத்திருக்கவே பூமியின் இழுப்பில் ஒரு சிறு பங்கு செலவாகிவிடுகிறது. மிச்சம்தான் தராசுக்கு வருகிறது. அந்தச் செலவு, 10 கிலோவில் 34 கிராம்.

இரண்டாவது காரணம் முதலாவதன் பிள்ளை. சுழன்று சுழன்று பூமி நடுவில் பிதுங்கிவிட்டது. மத்திய கோட்டில் அதன் ஆரை 6,378 கிலோமீற்றர், துருவத்தில் 6,357. நாம் ஒஸ்லோக்காரரைவிடப் பூமியின் நடுவிலிருந்து தள்ளி இருக்கிறோம். தூரம் கூடினால் இழுப்பு தளரும்.

அப்படியானால் மலை ஏறினாலும் குறையவேண்டுமே? குறையும். இலங்கையின் மிக உயர்ந்த பிதுருதாலகாலையின் உச்சி 2,524 மீற்றர். பலூன் ஒன்றில் அந்த உயரத்துக்குப் போனால் நம் கல் ஏறத்தாழ 8 கிராம் குறையும். மலையுச்சியில் நின்றால் 5 கிராம் அளவில்தான் குறையும். மிச்சம் 3 கிராமை எது இழுத்துப் பிடிக்கிறது? காலடியில் இருக்கும் மலை. அதுவும் கல், அதுவும் இழுக்கும். எல்லாப் பொருளும் எல்லாப் பொருளையும் இழுக்கிறது என்ற நியூட்டனின் பெரிய வார்த்தை, நுவரெலியாவுக்கு மேலே 3 கிராம் கணக்கில் வந்து நிற்கிறது. நம் கல்லும் பூமியை அதே 98 நியூட்டனால் இழுக்கிறது. பூமியின் முரண்டு பெரிது, அசைவு தெரிவதில்லை.

நானூறு கிலோமீற்றர் மேலே

சர்வதேச விண்வெளி நிலையம் அடிக்கடி மட்டக்களப்பு வானத்தையும் கடக்கிறது. அந்தி சாய்ந்த பின் வாவிக்கரையில் நின்றால், நேரம் வாய்த்தால், ஒளிப்புள்ளியாகப் போவதைக் காணலாம். உள்ளே நம் கல்லை வைத்தால் அது மிதக்கும். அங்கே புவியீர்ப்பு இல்லை என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். தொலைக்காட்சியும் சொல்கிறது. தவறு. 400 கிலோமீற்றர் உயரத்தில் பூமியின் இழுப்பு இங்கே இருப்பதில் நூற்றுக்கு 89 பங்கு இருக்கிறது. நம் கல்லின் நிறை அங்கே 87 நியூட்டன்.

இல்லாதது பாரம். பாலத்திலிருந்து விழும்போது கல்லுக்குப் பாரம் இல்லாதது எப்படியோ, அப்படியே இதுவும். விண்வெளி நிலையம், கல், உள்ளே இருப்பவர்கள் என எல்லாமே விழுந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு விநாடியும் நிலையம் 4.3 மீற்றர் விழுகிறது. அதே விநாடியில் பக்கவாட்டில் 7.7 கிலோமீற்றர் ஓடுகிறது. பூமி உருண்டை, 7.7 கிலோமீற்றர் போவதற்குள் அதன் வளைவும் கீழே 4.3 மீற்றர் விலகிவிடுகிறது. விழுகிறது, ஆனால் நெருங்கவில்லை. யாரும் யாரையும் தடுக்காததால் யாருக்கும் பாரமில்லை. கல்லின் முரண்டு மட்டும் அங்கேயும் குறைவதில்லை. மிதந்து வரும் 10 கிலோக் கல் தலையில் முட்டினால் இங்கே போலவே வலிக்கும்.

கடலில் ஒரு பள்ளம்

பூமியின் உள்ளே எல்லா இடத்திலும் ஒரே அளவு கனமான பொருள் இல்லை. எங்கே கனம் கூடுதலோ, அங்கே கடல்நீர் இழுபட்டுக் குவியும். எங்கே குறைவோ, அங்கிருந்து விலகும். உலகிலேயே மிக ஆழமான அந்தக் குறை நம் வீட்டு வாசலில் இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில், ஒழுங்கான உருண்டைக் கணக்கில் கடல்மட்டம் இருக்கவேண்டிய இடத்தைவிட ஏறத்தாழ 106 மீற்றர் கீழே இருக்கிறது. அதன் பரப்பு 30 இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேல். ஒல்லாந்து நாட்டு வெனிங் மெய்னஸ் 1948இல் கப்பலில் ஈர்ப்பை அளந்து இதைக் கண்டார்.

2023இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த தேபாஞ்சன் பால், ஆத்ரேயி கோஷ் இருவரும் ஒரு விளக்கம் தந்தார்கள். இந்தியத் துணைக்கண்டம் வடக்கே நகர்ந்தபோது தெத்திஸ் என்ற பழைய கடலின் தரை பூமிக்குள் புதைந்தது. அது ஆழத்தில் ஆபிரிக்காவுக்கு அடியிலுள்ள சூடான பொருளைக் குலைத்துவிட, சூடான, இலேசான குழம்பு எழுந்து இந்து சமுத்திரத்துக்கு அடியில் பரவியது. இப்போதுள்ள வடிவம் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்திருக்கலாம் என்பது அவர்களின் கணினிக் கணக்கு. இதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு.

மட்டக்களப்பு இந்தப் பள்ளத்தின் சரிவில் இருக்கிறது. செய்மதியிலிருந்து இடம் காட்டும் கருவி ஒன்றைத் திருத்தம் எதுவும் செய்யாமல் கல்லடிக் கடற்கரையில் வைத்தால், நீங்கள் கடல்மட்டத்துக்கு 90 மீற்றருக்கும் கீழே நிற்பதாகக் காட்டும். கருவி பழுதில்லை. அது ஒழுங்கான உருண்டையிலிருந்து அளக்கிறது. கடலோ ஈர்ப்பு விட்ட இடத்தில் நிற்கிறது. நில அளவையாளர்கள் இந்த வித்தியாசத்தைக் கழித்துத்தான் உயரம் எழுதுகிறார்கள்.

இவ்வளவு பெரிய பள்ளத்துக்குள் போனால் நம் கல் எவ்வளவு இளைக்கும்? பத்துக் கிலோவில் ஒரு கிராமும் தேறாது. காலியிலிருந்து தெற்கே போகும் கப்பலும் இறக்கத்தில் போவதாக உணராது. அதன் இயந்திரத்துக்கு எரிபொருள் மிச்சமாவதும் இல்லை. மேடு, பள்ளம் என்று கப்பல் உணர்வது இழுப்பின் திசைக்குக் குறுக்கே ஒரு சாய்வு இருந்தால் மட்டுமே. கடல்நீர் எப்போதும் இழுப்புக்குச் சரிநேர் குறுக்காகவே தன்னைப் பரப்பிக்கொள்கிறது. அதனால் சுற்றியுள்ள சமுத்திரம் அந்தப் பள்ளத்துக்குள் வழிந்து ஓடுவதில்லை. தண்ணீரின் கணக்கில் அங்கே பள்ளமே இல்லை.